சிலைக்கு ஏழடி முன்னால்

அத்தியாயம் 5

"இதுல ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா போதும் மேடம். மத்ததை நாங்க பார்த்துக்குவோம்."

முதலாளி இதைச் சொன்னபோது தரையில் கிடந்த ஒரு பெரிய பஞ்சு மூட்டைக்குள் பாதி புதைந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தால் அவருடைய கம்பெனியில் எல்லோரும் சமம் என்பது வெளியே தெரியாமல் போய்விடுமாம். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். போட்டிருந்த பனியனில் ஒரு குரங்கு கண்ணாடி மாட்டிக்கொண்டு சிரித்தது. அவர் எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். அந்த இரண்டு பேரும் கதவோரம் சமமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

அண்ணி தாளை வாங்கி நின்றபடியே படித்தார்.

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. பதினெட்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தீப்பிடித்த கடைகளையும் காணாமல் போன கார்களையும் விசாரித்தவர். அந்தப் பதினெட்டு வருடத்தில் ஒரே ஒரு கடைதான் தானாகத் தீப்பிடித்தது என்பார். பிறகு வேலையை விட்டுவிட்டு சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி, உதவிக்கு நான். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒரே அறையில் எட்டு மணி நேரம் இருந்தால் மூன்றாம் நாள் போலீஸ் வரும் என்று சொந்தக்காரர்கள் ஆசையாகக் காத்திருந்தார்கள். நான்கு வருடம் ஆகிறது. மற்றவர்களைக் கண்டாலே எங்கள் இருவருக்கும் ஆகாது என்பதால், ஒருவரையொருவர் வெறுக்க இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

"இதுல நான் விசாரிச்சு முடிச்சதா எழுதியிருக்கே. நான் வந்து பத்து நிமிஷம்தான் ஆச்சு" என்றார் அண்ணி.

"உங்க நேரத்தை வீணாக்க வேண்டாம்னுதான்."

"ரொம்ப நல்ல மனசு" என்றேன் நான். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். அந்தக் கம்பெனி வீடியோ கேம் தயாரிக்கிறது. மூன்று வருடமாக ஒரே விளையாட்டு. இரண்டாயிரத்து நானூறு வருடத்துக்கு முந்தைய ஒரு கிரேக்க நகரம், அதில் ஒற்றனாக அலைகிறவன் கதை. நகரத்தின் நடுவில் ஒரு கோயில். அந்தக் கோயில்தான் மொத்த விளையாட்டுக்கும் உயிர். அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். போன வியாழக்கிழமை, கோயிலுக்குள் ஒருவன் நடந்து போகிற நாற்பது வினாடிக் காட்சி இணையத்தில் வந்துவிட்டது. விளையாட்டை வெளியிடப் போகிற பெரிய கம்பெனி கொதித்துப் போய், வெளியாள் ஒருவரை வைத்து விசாரித்து இன்று நாலு மணிக்குள் திருடன் யார் என்று சொல்லச் சொல்லிவிட்டது. வெளியாள் நாங்கள். திருடன் யார் என்பதை முதலாளியே முடிவு செய்து, தட்டச்சும் செய்து வைத்திருந்தார்.

"கோயிலைக் கட்டின பொண்ணுதான். நாங்க தூண்னு கூப்பிடுவோம். மூணு வருஷமா தூண் செஞ்சவ" என்றார். "காட்சி அவ மெஷின்ல இருந்து போயிருக்கு. புதன்கிழமை மத்தியானம் ஒண்ணு இருபது. அவ பாஸ்வேர்டு. போன வாரம் திங்கட்கிழமைதான் கோயிலை வெள்ளையா மாத்தச் சொன்னேன். முகத்துக்கு நேரா சண்டை போட்டா. அப்புறம் என்ன வேணும்?"

"இப்ப என்ன கலர்?" என்று கேட்டேன்.

"சிவப்பு, நீலம், தங்கம்! கண்ணு கூசுது. பத்து பேரைக் கூப்பிட்டு வந்து காட்டினோம். ஏழு பேர் இது பொம்மைக் கடையான்னு கேட்டாங்க. கிரேக்கம்னா வெள்ளைங்க. யாருக்குத்தான் தெரியாது?"

"உங்க கம்பெனிக்குச் சரித்திர ஆலோசகர்னு ஒருத்தர் இருப்பாரே, அவருக்கு?"

முதலாளி முகத்தைச் சுளித்தார். ஆலோசகர் ஒரு ஓய்வு பெற்ற பேராசிரியர். அந்தக் காலத்தில் கோயில்களுக்கு வர்ணம் அடித்திருந்தார்கள், மழையிலும் வெயிலிலும் அது போய்விட்டது, மிஞ்சிய வெள்ளைக் கல்லைப் பார்த்து உலகம் ஏமாந்துகொண்டிருக்கிறது என்று இரண்டு வருடமாகச் சொல்லி வருகிறாராம். அவர் பெயரை விளையாட்டை விற்கிற டப்பாவின் மேல் கொட்டை எழுத்தில் போட முதலாளிக்குச் சம்மதம். அவர் சொல்வதைக் கேட்க மட்டும் சம்மதமில்லை.

"அந்தக் காட்சியைப் போடுங்க" என்றார் அண்ணி.

போட்டார்கள். எனக்கு வீடியோ கேம் என்றாலே இளக்காரம். என் கணவர் சோபாவில் உட்கார்ந்து சுட்டதில் எங்கள் வீட்டில் செத்தவர்கள் ஒரு லட்சம் பேர் இருப்பார்கள். ஆனால் இதைப் பார்த்துக் கொஞ்சம் வாய் மூடிக்கொண்டேன் என்பது உண்மை. படிகள். கூரை விளிம்பில் நீலப் பட்டையும் சிவப்புப் பட்டையும். கிழக்கு வாசல் வழியாக வெயில் உள்ளே விழுகிறது. இரண்டு பக்கமும் தூண் வரிசை. கடைசியில் ஒரு தேவி நிற்கிறாள், மூன்று ஆள் உயரம், உடுப்பெல்லாம் நிறம். நடக்கிறவன் நடுவில் மெதுவாகப் போகிறான். சிலைக்குச் சற்று முன்னால் இடது பக்கம் ஒதுங்கி, அரைவட்டம் போட்டு, மறுபடி நடுவுக்கு வந்து, நிமிர்ந்து தேவியின் முகத்தைப் பார்க்கிறான். அவ்வளவுதான்.

அண்ணி அதை ஆறு முறை போடச் சொன்னார்.

"தண்ணி தேங்கின இடத்தைச் சுத்திப் போற மாதிரி போறான்" என்றேன். "அங்க தரை காய்ஞ்சுதானே கிடக்கு?"

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ பேசற நூறு வார்த்தையில ஒண்ணு உருப்படியா இருக்கும். இன்னிக்குக் கோட்டா முடிஞ்சுது. கல்லை எண்ணு."

எண்ணினேன். தரையில் பாவியிருந்த கற்கள் மூன்றரை அடிக் கற்களாம். சிலைப் பீடத்துக்கு முன்னால் இரண்டாவது கல்லைத்தான் அவன் மிதிக்காமல் போகிறான். சிலைக்கு ஏழடி முன்னால்.

"அவ சும்மா அழகு காட்டறா" என்றார் முதலாளி. "வளைஞ்சு வந்தா பார்க்க நல்லா இருக்கும்ல?"

அண்ணி தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். முதலாளி மூட்டைக்குள்ளிருந்து எழ முயன்றார். கதவோரம் நின்ற இரண்டு பேரும் ஓடி வந்தார்கள்.

தூணை ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே பழைய கம்ப்யூட்டர் பெட்டிகள் அடுக்கிய அறை. போகிற வருகிற எல்லோரும் அவளை எட்டிப் பார்த்துவிட்டுப் போவதற்கு வசதியான இடம். முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயது. கொண்டையில் ஒரு பென்சில். வலது மணிக்கட்டில் கறுப்புப் பட்டை. மவுஸ் பிடித்துப் பிடித்து நரம்பு போய்விட்டதாம். மேஜை மேல் வேலை நீக்க உத்தரவின் நகலை வேறு வைத்திருந்தார்கள், தேதியும் போட்டு. ஆட்கள் திருந்தவே மாட்டார்கள்.

"எத்தனை தூண்?" என்று ஆரம்பித்தார் அண்ணி.

"உள்ளேயும் வெளியேயும் அறுபத்தாறு."

"ஒண்ணு செஞ்சு மீதியை நகல் எடுக்க முடியாதா?" என்றேன்.

"முடியும். மத்தியானத்துக்குள்ள வேலை முடிஞ்சிருக்கும்." அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு நூற்றுக்கு ஐந்து மார்க்தான். "கடல் காத்து ஒரு பக்கமா அடிக்குதுங்க. அந்தப் பக்கத் தூண்தான் அதிகம் தேயும். எப்படி எல்லாம் ஒண்ணா இருக்கும்?"

"புதன்கிழமை ஒண்ணு இருபதுக்கு எங்க இருந்தே?"

"மாடிப்படியில. சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

"கூட யாரு?"

"யாருமில்ல. தினமும் அங்கதான். அங்க யாரும் வரமாட்டாங்க, அதுக்குத்தான் போறது."

"உன் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது." கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"காட்சியில நடக்கறவன் சிலைக்கு முன்னால சுத்திப் போறானே, ஏன்?"

அவள் மணிக்கட்டுப் பட்டையை அவிழ்த்து மறுபடி ஒட்டினாள். "எனக்குத் தெரியாதுங்க."

அழவில்லை. அழுகிறவர்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும், இரண்டு ஜோக் சொன்னால் கோபம் வந்து அழுகையை நிறுத்திவிடுவார்கள். இவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். நாங்கள் எழுந்தபோதுதான் பேசினாள்.

"பதினோரு வருஷம் இந்த வேலை செய்யறேன் மேடம். வேற ஒண்ணும் தெரியாது. இன்னிக்கு நீங்க கையெழுத்து போட்டுட்டா எந்தக் கம்பெனியும் என்னை வாசல்ல கூட விடாது. சின்ன தொழில், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்." பிறகு, ஏதோ எங்களைத் தேற்றுகிற மாதிரி, "உங்க மேல தப்பில்ல" என்றாள்.

அண்ணி என் முகத்தைப் பார்க்காமல் இருக்க முன்னால் நடந்தேன்.

வெளியே வந்ததும் அண்ணி, "ரெண்டு பொய் சொன்னா" என்றார்.

"அப்ப அவதானா?"

"தனக்காகப் பொய் சொல்றவங்க இவ்வளவு மோசமாச் சொல்ல மாட்டாங்க. ஒத்திகை பார்த்திருப்பாங்க."

அப்போதுதான் எதிரே பேராசிரியர் வந்தார். புதன்கிழமைதோறும் வருகிறவராம், இன்றும் புதன். மடிப்புக் கலையாத சட்டை, கையில் தடித்த புத்தகம். அதைப் படிக்கவா எடை காட்டவா என்று சொல்ல முடியவில்லை. நாங்கள் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் வருத்தமாகத் தலையாட்டினார்.

"நல்ல பொண்ணுதான். கைத்திறமை உண்டு. ஆனா பாருங்க, இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுமை இல்லை. கோபத்துல செஞ்சிருக்கும்."

"நீங்க அந்த விளையாட்டை ஆடிப் பார்த்திருக்கீங்களா சார்?" என்றேன்.

"நானா!" மூன்றடி பின்வாங்கினார். "அம்மா, நாப்பது வருஷமா நான் கல்லைப் படிக்கிறவன். பொம்மையை வெச்சு விளையாட எனக்கு வயசில்லை. அவங்க படம் படமாப் பிரிண்ட் எடுத்துக் காட்டுவாங்க, நான் தப்பைச் சொல்லுவேன். அந்தச் சாதனத்தை என் விரல் தொட்டதே கிடையாது."

சொல்லிவிட்டு விரலையும் காட்டினார். சுத்தமான விரல்தான்.

அடுத்து நாங்கள் போனது சோதனைக்காரனிடம். விளையாட்டை நாள் முழுக்க ஆடி அதில் குற்றம் கண்டுபிடிக்கிறது அவன் உத்தியோகம். காலையில் வந்ததிலிருந்து சாயங்காலம் வரை நொட்டை சொல்லச் சம்பளம்.

"இப்படி ஒரு வேலை இருக்குன்னு என் மாமியாருக்குத் தெரியாமப் போச்சே" என்றேன்.

"அது எங்க அம்மா" என்றார் அண்ணி.

"அதனாலதான் உங்க முன்னாடியே சொல்றேன் அண்ணி."

சோதனைக்காரன் சிரித்தான். காட்சியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "அட, பள்ளம்!" என்றான்.

சிலைக்கு ஏழடி முன்னால் நடுவில் ஒரு பள்ளம் இருந்ததாம். கண்ணுக்குத் தெரியாது. தரை தரையாகவே இருக்கும், காலை வைத்தால் ஒற்றன் உள்ளே போய்விடுவான். கோயிலுக்கு அடியில் ஒன்றுமே இல்லாத வெற்றிடம், அதில் விழுந்துகொண்டே இருப்பான். கம்ப்யூட்டர் கணக்கில் நடந்த ஒரு சின்னத் தவறு. கண்டுபிடித்தவன் இவன்தான். மூன்று வாரத்துக்கு முன்பே சரி செய்தாகிவிட்டது.

நான் துள்ளி எழுந்தேன். "அப்ப சுத்திப் போனது நீங்கதான்! பள்ளம் இருக்கிற இடம் உங்களுக்குத்தான் அத்துப்படி!"

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "ஏங்க, ஒரு பள்ளத்தை மூடிட்டாங்கன்னு சொன்னா நாங்க முதல்ல எங்க போவோம்னு நினைக்கிறீங்க? அங்கதான் போய்க் குதிப்போம். நிஜமாவே மூடினாங்களா, மறுபடி திறந்துக்கிச்சான்னு தினமும் பார்க்கணும். மூணு வாரமா அந்தக் கல்லு மேல நான் குதிச்ச குதியில அந்தத் தேவிக்கே தலைவலி வந்திருக்கும்."

போட்டுக் காட்டினான். அவனுடைய ஒற்றன் ஓட்டமாக ஓடி, நேரே அந்தக் கல்லின் மேல் ஏறி, பைத்தியம் மாதிரி பத்து முறை குதித்தான்.

நான் உட்கார்ந்தேன். அண்ணிக்கு என் அவமானத்தில் ஒரு நிமிடம் குளிர்ச்சி. பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப சுத்திப் போறவன் யாரு?"

"விழுந்து அனுபவப்பட்டவன். ஆனா சரியாயிடுச்சுன்னு தெரியாதவன்."

"சரியானது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும். காலையில முதல் வேலையே அதான். நாப்பது பேரையும் நிக்க வெச்சு, நேத்து எதெல்லாம் சரி பண்ணினோம்னு சத்தமாப் படிப்பாங்க. முதலாளி கூட நிப்பார். அவருக்கு எந்திரிக்கத்தான் கஷ்டம், நிக்கறது கஷ்டமில்லைன்னு…" நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"காலையில வராத ஆள் யாராவது உண்டா?"

"வாசல் காவல்காரர். துடைக்க வர்ற அம்மா. அவங்க எங்க விளையாடப் போறாங்க?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். இரண்டு பேர் மனதிலும் ஒரே சுத்தமான விரல் வந்து நின்றது.

"சந்தேகத்தை வெச்சு ரிப்போர்ட் எழுத முடியாது" என்றார் அண்ணி. "அவ்வளவு பெரிய மனுஷன். நான் தொட்டதே இல்லைன்னு சொன்னா இந்த ஆபீஸ் மொத்தமும் தலையாட்டும். நேராக் கேட்டா ஒண்ணும் வராது. தம்பி, இங்க நடிகருங்களை நடக்க விட்டுப் படம் பிடிக்கிற ரூம் இருக்குன்னாங்களே?"

இருந்தது. அகலமான வெற்று அறை. விளையாட்டில் வருகிற மனிதர்கள் மனிதர்கள் மாதிரி நடக்க வேண்டும் என்பதற்காக, உடம்பெல்லாம் புள்ளி ஒட்டிய நடிகர்களை இங்கே நடக்க விடுவார்களாம். தரைக் கம்பளத்தில் கோயிலின் உட்பக்கத்தை அதே அளவில் மஞ்சள் டேப்பால் ஒட்டியிருந்தார்கள். தூண்களுக்கு வட்டம் வட்டமாக. சிலை இருக்கிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அறுபத்தாறு தூணையும் மூன்று வருடம் செதுக்கிய கோயிலில் தேவிக்குக் கிடைத்தது ஒரு கால் உடைந்த நாற்காலி. அதையும் யாரும் சரி செய்யவில்லை.

மூன்று மணிக்கு எல்லோரையும் அங்கே வரவழைத்தார் அண்ணி. முதலாளி, சோதனைக்காரன், தூண், பேராசிரியர்.

"ரிப்போர்ட்ல கோயிலைப் பத்தி நாலு வரி எழுதணும். எனக்கு ஒண்ணும் புரியல" என்றார் அண்ணி, அப்பாவியாக. அண்ணி அப்பாவியாகப் பேசினால் யாரோ மாட்டப் போகிறார்கள் என்று அர்த்தம். "வாசல்ல இருந்து சிலை வரைக்கும் ஒவ்வொருத்தரா நடந்து காட்டுங்களேன்."

சோதனைக்காரன் விறுவிறுவென்று நேராக நடந்து நாற்காலியில் இடித்துக்கொண்டான். முதலாளி போன் பார்த்தபடி போனதில் மூன்று தூண்களை ஊடுருவிச் சென்றார். மூன்று வருடமாக உலகத்துக்கு இந்தக் கோயிலை விற்றுக்கொண்டிருப்பவர். தூண் நேராகப் போனாள், நடுவிலேயே, எதையும் பார்க்காமல்.

"சார், நீங்கதான் சரியாச் சொல்ல முடியும்" என்றார் அண்ணி பேராசிரியரிடம். "அந்தக் காலத்துப் பூசாரி எப்படிப் போவார்?"

இதைவிடப் பெரிய இரையை யாரும் அவருக்குப் போட்டிருக்க முடியாது. புத்தகத்தை என்னிடம் கொடுத்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், வாசல் கோட்டில் நின்றார்.

"முதல்ல ஒண்ணு. இது கூட்டம் கூடற இடம் இல்லை. பலியெல்லாம் வெளியில, வெட்டவெளியில. உள்ள தேவி இருப்பா, அவ்வளவுதான். அதனால நடை மெதுவா இருக்கணும்." நடக்க ஆரம்பித்தார். நன்றாகத்தான் நடந்தார். "காலையில வெயில் முதுகுப் பக்கம். நம்ம நிழல் நமக்கு முன்னால போகும். கண்ணு இருட்டுக்குப் பழகப் பழக முதல்ல தங்கம் தெரியும், அப்புறம் நீலம் தெரியும்…"

பேசிக்கொண்டே வந்தவர், நாற்காலிக்கு ஏழடி முன்னால் இடது பக்கம் ஒதுங்கினார். ஒரு அரைவட்டம். மறுபடி நடுவுக்கு வந்தார். நிமிர்ந்து, மூன்று ஆள் உயரத்தில் இல்லாத ஒரு முகத்தைப் பார்த்தார்.

கம்பளத்தில் அந்த இடத்தில் ஒரு டேப் கூட ஒட்டியிருக்கவில்லை.

"ரொம்ப அருமை சார்" என்றேன் நான். "சுத்திப் போக வேண்டிய அவசியம் இல்லை. அந்தப் பள்ளத்தை மூணு வாரம் முன்னாடியே மூடிட்டாங்க."

"மூடிட்டாங்களா?" பேராசிரியர் சட்டென்று திரும்பினார். "எப்போ? எனக்கு யாரும் சொல்லவே இல்லையே!"

நிஜமான கோபம். தன்னிடம் சொல்லாமல் எப்படிச் செய்யலாம் என்கிற கோபம். அது முகத்தில் இருந்தபோதே என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. வாய் திறந்தபடியே நின்றது.

சோதனைக்காரன்தான் முதலில் பேசினான். "எத்தனை தடவை சார் விழுந்தீங்க?"

"நாலு" என்றார் பேராசிரியர், பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

மீதி தானாக வந்தது. பொம்மையைத் தொடாதவர் ஒரு வருடமாக ஒவ்வொரு புதன்கிழமையும் சாப்பாட்டு நேரத்தில் தூணின் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கோயிலுக்குள் நடந்துகொண்டிருந்தார். வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்த அன்று காட்சியைப் பதிவு செய்து, பென் டிரைவில் போட்டுக்கொண்டு போய் இணையத்தில் விட்டார். "வர்ணத்தோட ஒரு தடவையாவது உலகம் பார்க்கட்டும்னுதான்" என்றார். "கோயிலைக் காப்பாத்தத்தான் செஞ்சேன்."

அது பொய்யென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கோயிலைக் காப்பாற்றியவர், அதைக் கட்டியவளைக் கண்ணாடி அறையில் ஏழு நாள் உட்கார வைத்துவிட்டு, வராந்தாவில் எங்களிடம் அவளுக்குப் பொறுமை இல்லை என்று சொன்னார். அவருடைய மடிப்புக் கலையாத சட்டையை அப்போதே கசக்க வேண்டும் போலிருந்தது.

அண்ணி அவரை விட்டுவிட்டுத் தூண் பக்கம் திரும்பினார். "உனக்கு முதல் நாளே தெரியும்."

முதலாளி நிமிர்ந்தார். நானும்தான். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

"தெரியும்" என்றாள் அவள். "காட்சியைப் பார்த்த உடனே தெரிஞ்சுது. அந்தச் சுத்து அவர் மட்டும்தான் சுத்துவார்."

"அப்ப ஏன்மா வாயைத் திறக்கல?" என்று கத்தினார் முதலாளி.

அவள் பேராசிரியரிடம்தான் பேசினாள்.

"பாஸ்வேர்டை நான்தான் சார் உங்களுக்குக் குடுத்தேன். குடுக்கக் கூடாது. தெரிஞ்சுதான் குடுத்தேன். இந்த ஆபீஸ்ல எல்லாரும் அந்தக் கோயிலுக்குள்ள ஓடுவாங்க, குதிப்பாங்க, சுடுவாங்க. மெதுவா நடந்தது நீங்க ஒருத்தர்தான். ஒவ்வொரு தூணா நின்னு பார்ப்பீங்க. நான் கதவுக்கு வெளியில நின்னு உங்களைப் பார்த்துட்டு, அப்புறம்தான் சாப்பிடப் போவேன்." மூச்சு விட்டாள். "நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன் சார். ஏழு நாள் இருந்தேன்."

"சொல்லணும்னுதான்… ஆனா என் பேர் என்னாகும்? நாப்பது வருஷம் சேர்த்த பேர்…"

"எனக்கு பதினோரு வருஷம் சார்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். குனியட்டும்.

இந்த நேரத்தில் முதலாளியின் போன் அடித்தது. வெளியிடப் போகிற கம்பெனி. அவர் ஓரமாகப் போய் ஆமாம் ஆமாம் என்றார், திரும்பி வந்தபோது முகம் பளபளவென்று இருந்தது. காட்சியை இதுவரை இருபது லட்சம் பேர் பார்த்துவிட்டார்களாம். இப்படி ஒரு கோயிலை எங்கேயும் பார்த்ததில்லை என்று எழுதுகிறார்களாம்.

"கலர்லயே போயிடலாம்" என்றார். "நான் ஆரம்பத்துல இருந்தே அதான் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

இவரோடு பேசி என்ன ஆகப் போகிறது?

"சாரைப் பத்தி வெளியில சொல்ல வேண்டாம் மேடம்" என்று தொடர்ந்தார். "பெரிய பேரு, டப்பா மேல இருக்கு. தூண், உன் மேல நடவடிக்கை இல்லை, சந்தோஷமா வேலையைப் பாரு. ரிப்போர்ட்ல ஏதோ மெஷின் கோளாறுன்னு போட்டுடலாம். நாம எல்லாம் ஒரே குடும்பம்தானே?"

"என் குடும்பம் இதோ நிக்குது" என்று என்னைக் காட்டினார் அண்ணி. "அதுவே எனக்கு அதிகம். உட்காருங்க சார், எழுதுங்க."

அறை மூலையில் கிடந்த ஒரு மேஜையில் பேராசிரியருக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். முதலாளி ஏதோ சொல்ல வந்தார். நாலு மணிக்கு இது வராவிட்டால் தானே அந்தக் கம்பெனிக்குப் போன் செய்வதாக அண்ணி சொன்னதும் வாயை மூடிக்கொண்டார்.

பேராசிரியர் எழுதினார். அழகான கையெழுத்து, அதையும் சொல்லத்தான் வேண்டும். கோயில் காட்சியை வெளியிட்டவன் நானே. யாருடைய தூண்டுதலும் இல்லை. இந்தக் கோயிலை மூன்று ஆண்டுகள் உழைத்து உருவாக்கியவரும், இந்தச் செயலில் எந்தத் தொடர்பும் இல்லாதவருமான…

பேனா நின்றது.

அவர் நிமிர்ந்து முதலாளியைப் பார்த்தார். முதலாளி போனைப் பார்த்தார். சோதனைக்காரன் சுவரைப் பார்த்தான்.

"ஏம்மா," என்றார் பேராசிரியர் மிகவும் தாழ்ந்த குரலில், "உன் பேர் என்ன? எல்லாரும் தூண், தூண்னே கூப்பிட்டாங்களா, அதனால…"

இரண்டு வருடம். அதில் ஒரு வருடம் புதன்கிழமைதோறும் அவள் நாற்காலி. எனக்கு வாயில் நூறு கிண்டல் வந்தது. ஒன்றையும் சொல்ல முடியவில்லை. காலையிலிருந்து நானும் அவள் பெயரைக் கேட்டிருக்கவில்லை.

அவள் மேஜைக்கு வந்தாள். பட்டை கட்டிய கையால் அவர் விரல்களிலிருந்து பேனாவை எடுத்து, அவர் விட்டிருந்த இடத்தில் தன் பெயரை முதலெழுத்தோடு எழுதினாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இப்ப கீழ கையெழுத்து போடுங்க சார்" என்றாள்.